தராசுக் கிராணியின் பேச்சு

லாபுவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஈச்சந்தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதிய அமிர்தலிங்கத்தை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு முன்னால் கிராணி அய்யா, முதுகுக்குப் பின்னால் தராசுக் கிராணி. ஸ்டோரில் ரப்பர்ப் பால் நிறுக்கும்போது மனுசன் மரம் சீவிப் பால் எடுக்கிற வெட்டுக்காரன் பக்கமும் சாயமாட்டார், தொரை பக்கமும் சாயமாட்டார். அதற்காக வைத்த பேர். நாளாக ஆக அவர் எல்லாவற்றிலுமே அப்படி ஆகிவிட்டார். கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் புருசன் பெண்டாட்டி சண்டை என்று பஞ்சாயத்துக்குப் போனால், இவனுக்குக் கொஞ்சம், அவளுக்குக் கொஞ்சம் என்று நியாயத்தைப் பிட்டுக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு பேருக்கும் வயிறு நிறையாது. இருந்தாலும் இரண்டு பேரும் கும்பிட்டு அனுப்புவார்கள்.

அவரைக் கேலி செய்தவர்கள்கூட ஒரு விசயத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். கித்தா என்கிற ரப்பர் விலை விழுந்த காலத்தில் வெள்ளைக்காரத் தொரைமார் நெஞ்சு காய்ந்தவன், காலில் புண் வந்தவன், காய்ச்சலில் இளைத்தவன் என்று ஆள் கழித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். ஊரில் போய் இறங்கினால் கஞ்சி ஊற்ற ஆளில்லை. ஈச்சந்தோட்டத்தில் ஆள் கழிக்கும் நாளுக்கு முன்பே அமிர்தலிங்கம் லயத்துக்கு வந்து எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். "காலையில பெரட்டுல தொரை முன்னாடி நெஞ்ச நிமித்தி நில்லுங்க. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுங்க. நல்லா இருக்கேன் தொரை, வேலை குடுங்கன்னு சத்தமாச் சொல்லுங்க. இருமல் வந்தா முழுங்கிடுங்க." காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அப்படியே சொன்னார்கள். அவர் தொரையிடம் போய், "நல்ல ஆளுங்க தொரை, கை சும்மா இருக்கு, என்ன வேலை குடுத்தாலும் செய்வாங்க" என்று பணிவாகச் சொன்னார். தொரை யோசித்துப் பார்த்துவிட்டு லாலான் புல் வெட்டும் வேலையைக் கொடுத்தான். ஈச்சந்தோட்டத்திலிருந்து அந்தக் கப்பலில் ஒருவரும் ஏறவில்லை.

அதிலிருந்து தோட்டத்துக்கு அது ஒரு மந்திரம் மாதிரி ஆகிப்போனது. பேச்சு வந்த பிள்ளைகூடக் கையை விரித்து, "நல்லா இருக்கேன் தொரை" என்று சொல்லிக் காட்டும். பெரியவர்கள் சிரிப்பார்கள்.

இப்போது சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஜப்பான்காரன் வந்து இரண்டு வருசம் தாண்டிவிட்டது. தொரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடியபோது ஸ்டோர் சாவியைக் கிராணி கையில் திணித்துவிட்டுப் போனான். கித்தாவை வாங்க ஆள் இல்லாததால் பாதி மரங்களை யாரும் தொடுவதே இல்லை. அரிசி எப்போதாவது வரும், அதிலும் சுண்ணாம்பு கலந்திருக்கும். மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. பெண்கள் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றியிருந்தார்கள். போன வருசம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவன்கூட இன்னும் திரும்பவில்லை. சயாம் என்ற சொல்லை லயத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, வடக்கே என்று மட்டும் சொல்வார்கள். ஈச்சந்தோட்டம் ரோட்டுக்கு உள்ளே ஒதுங்கிக் கிடந்ததால் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஜப்பான் கவர்னர் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு ஓர் ஆலோசனை சபை வைத்தார். மலாய்க்காரப் பெரிய மனிதர்கள், தவுக்கேமார் என்கிற சீன முதலாளிகள், இந்தியருக்கு என்று ஒரே ஓர் உறுப்பினர். தோட்டத்து ஜனங்களைத் தெரிந்தவராக, மலாய் நன்றாகப் பேசுகிறவராக, முக்கியமாக வாய் நீளாதவராக ஓர் ஆளைத் தேடினார்கள். இந்திய விடுதலைக்காக நடத்திய செரம்பான் சங்கத்துச் செயலாளர் திருநாவுக்கரசு, அமிர்தலிங்கத்தின் பேரைச் சொல்லிவிட்டார்.

திருநாவுக்கரசு முன்பு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தவர். இந்தியாவின் விடுதலை என்று பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் பசியை மறந்துவிடுவான். சபை கூடுவதற்கு முந்தைய வாரம் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிராணி வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க அங்க எழுந்து நிக்கிறது ஈச்சந்தோட்டத்துக்காக இல்ல. இந்தியாவுக்காக. இந்தச் சீமையில இருக்கிற இந்தியன் தாய்நாட்டுக்கு உடல் பொருள் ஆவி எல்லாம் குடுக்கத் தயாரா இருக்கான்னு கவர்னர் காதுல விழணும். அங்க போய் ஒரு தோட்டத்து அரிசி, ஒரு தோட்டத்துப் புளின்னு சில்லறையாப் பேசிடாதீங்க."

அமிர்தலிங்கம் தலையாட்டினார். வெறும் மரியாதைக்கான தலையாட்டல் இல்லை அது. செரம்பான் பாடாங் மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றிய அன்று கூட்டத்தோடு நின்று அவர் குலுங்கி அழுதிருக்கிறார். பத்து வயதில் கப்பலில் வந்தவர் அவர். விட்டு வந்த நாட்டுக்குத் தன்னால் ஏதாவது ஆகுமா என்ற ஏக்கம் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது.

திருநாவுக்கரசு போன மறுநாள் லயத்திலிருந்து வீரமுத்து வந்தான். தோட்டத்திலேயே கெட்டியான வெட்டுக்காரன் என்று பேர் எடுத்தவன். இப்போது கழுத்தெலும்பு தெரிந்தது. பின்னால் அவன் மனைவி மயிலம்மாள், இடுப்பில் கால் வீங்கிய பிள்ளையோடு நின்றாள்.

"அய்யா, பெரிய சபையில உங்கள உக்கார வைக்கிறாங்களாம்லா. எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. அரிசி கேளுங்க. அரிசி இல்லைன்னா வேலை கேளுங்க. சும்மா உக்காந்து சாகிறதுக்கு எங்கயாச்சும் மண்ணை வெட்டியாவது பொழைச்சுக்கிறோம்."

"முந்தி தொரைகிட்டக் கேட்டீங்கள்ல, அந்த மாதிரி கேளுங்கய்யா" என்றாள் மயிலம்மாள். "உங்க வாயில வந்தா நடந்துரும்."

அமிர்தலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது. நாட்டையும் விட முடியாது, தோட்டத்தையும் விட முடியாது. வழக்கம்போலத் தராசை எடுத்தார். பேச்சில் முதல் பாதி நாட்டுக்கு, பின் பாதி தோட்டத்துக்கு. முதல் பாதியில் தியாகம், பின் பாதியில் பசி. இரண்டும் ஒரே நீளம் வரும்படி பார்த்துக்கொண்டார். பிறகு வீட்டுக்குள் நடந்துகொண்டே மனைவி நீலாவதிக்குச் சொல்லிக் காட்டினார்.

நீலாவதி கிழங்கு தோல் சீவிக்கொண்டே முழுவதும் கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா என்னங்க, அந்தாளு கேக்கிறது உங்க காதால இல்லையே. அவன் காதால ஒரு தடவ கேட்டுப் பாத்தீங்களா?"

"கவர்னர் காதுல என்ன கோளாறு?"

"எனக்கென்ன தெரியும்? பயமா இருக்கு, அவ்வளவுதான்."

பயப்படுவதற்கு இதில் ஒன்றுமே இல்லை, இதே பேச்சு ஒரு தடவை தோட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று அவர் அவளுக்கு எடுத்துச் சொன்னார். அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

செரம்பானில் ஏரிக்கரைக்கு மேலே இருந்த பழைய கட்டடத்தில் சபை கூடியது. முதலில் எல்லோரும் எழுந்து ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்குப் பக்கம் குனிந்தார்கள். விவாதம் என்று பேரே தவிர அங்கே யாரும் யாரோடும் விவாதிக்கவில்லை. கவர்னர் ஒரு கேள்வி கேட்பார், உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து பதில் சொல்லிவிட்டு உட்காருவார்கள். அன்றைய கேள்வி, இந்த மாநில மக்கள் போருக்கு இன்னும் எப்படி உதவலாம் என்பது. ஒரு மலாய்க்காரப் பெரியவர் எருமைகளைப் பற்றிப் பேசினார். எருமை இளைத்துவிட்டது, எருமைக்குப் புல் வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒரு தவுக்கே கவர்னரின் உடல்நலத்துக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அமிர்தலிங்கம் மனசுக்குள் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவர்கள் இருவரும் எவ்வளவு விவரமானவர்கள் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

கவர்னர் வாளை முழங்காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அமிர்தலிங்கம் எழுந்து மலாயில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொன்னார். தாய்நாட்டின் விடுதலைக்காக இங்குள்ள இந்தியர்கள் உடல் பொருள் ஆவி அனைத்தும் கொடுக்கச் சித்தமாக இருக்கிறார்கள். எங்கே அழைத்தாலும் வருவார்கள். இது முதல் பாதி. லாபுவுக்கு உள்ளே ஈச்சந்தோட்டத்தில் நல்ல உழைப்பாளிகள் பால்மரம் சீவ வழியில்லாமல் கை சும்மா இருக்கிறார்கள். பசியில் வாடுகிறார்கள். பெரிய மனது வைத்து அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் எதுவானாலும் செய்வார்கள். இது பின் பாதி.

கவர்னர் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். மொழிபெயர்ப்பாளரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்தத் தடவை அந்த ஆள் சுருக்கிச் சொன்னது போலிருந்தது, இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. கவர்னர் மெல்லத் தலையசைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஈச்சந்தோட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அமிர்தலிங்கம் வழி சொன்னார். லாபு ரோட்டில் எந்த முனையில் திரும்ப வேண்டும், ஆற்றுப்பாலம் லோரி தாங்குமா, எல்லாம் தெளிவாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த எருமைப் பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாலைந்து நாளில் லோரி வந்தது. சுண்ணாம்பு கலக்காத அரிசி, உப்பு, ஆளுக்கு ஒரு முழத்துண்டு. லயமே திரண்டு வந்து கிராணி வீட்டு வாசலில் நின்றது. மயிலம்மாள் பிள்ளையை அவர் காலடியில் கிடத்தினாள். அமிர்தலிங்கம் பதறிப்போய்த் தூக்கிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோசத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுசனுக்குத் தன் பேச்சு சோறாக வந்து இறங்குவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து இன்னொரு லோரி வந்தது. இந்தத் தடவை ஒரு ஜப்பானிய அதிகாரியும் ஒரு டாக்டரும் இறங்கினார்கள். டாக்டர் நாக்கைப் பார்க்கவில்லை, நாடி பிடிக்கவில்லை. ஆண்களின் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், பிறகு ஆளுக்கு ஓர் ஊசி போட்டார். அதிகாரி சிரித்த முகத்தோடு மலாயில் அறிவித்தான். செண்டாயான் பக்கம் காடு அழித்து நெல் போடப் போகிறார்கள், கூலியும் உண்டு, அரிசியும் உண்டு, சபை உறுப்பினர் கேட்டுக்கொண்டபடி ஈச்சந்தோட்டத்து ஆண்களுக்கே முதலிடம். ஜனங்கள் கை தட்டினார்கள். நீலாவதி மட்டும் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பக்கத்துல இருக்கிற செண்டாயானுக்குப் போக ஊசி எதுக்குங்க?"

சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் கையைக் கழுவிவிட்டார்.

பதில் மறுநாள் பிற்பகலில் சைக்கிளில் வந்தது. திருநாவுக்கரசு வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை.

"லாபு ஸ்டேஷன்ல கூட்ஸ் வண்டி கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க சார். கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. செண்டாயானுக்கு ரயில் எதுக்கு? வடக்கே பாதையில குண்டு விழுந்துகிட்டே இருக்காம், பழுது பார்க்க ஆள் பத்தலையாம். உறுப்பினரே முன்வந்து ஆள் குடுத்த தோட்டம்னு ஜப்பான்காரன் ஆபீசுல பெருமையாப் பேசிக்கிறாங்க."

அமிர்தலிங்கம் தூணைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்."

"நான் சொல்லச் சொன்னது பாதி. எங்க கூப்பிட்டாலும் வருவாங்கன்னா அது வெறும் பேச்சு, அவனுக்கும் தெரியும். எந்த ஊர்ல, எந்த ரோட்டுல, யாரு சும்மா இருக்காங்கன்னு நீங்கதானே சேர்த்துச் சொன்னீங்க."

அதற்கு மேல் இருவராலும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. திருநாவுக்கரசு சங்கத்தில் சொல்லித் தடுக்கப் பார்க்கிறேன் என்றார். அது ஆகிற காரியம் இல்லை என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. நாளைக் காலை பெரட்டில் ஆள் ஏற்றுகிறார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அமிர்தலிங்கம் லயத்துக்கு நடந்தார். ஆற்றுப்பாலத்தில் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள், காலையில் அவர்கள் அங்கே இல்லை. வீரமுத்து வாசலில் உட்கார்ந்து புதுத் துண்டை மடித்துக்கொண்டிருந்தான். ஓடிப்போ, இது சயாம் என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும். பின்பக்கம் காடு, இருட்டுவதற்குள் பத்துப் பேராவது போய்விடலாம். ஆனால் விடிந்து ஆள் குறைந்தால் யார் சொன்னது என்று ஜப்பான்காரன் கேட்பான். நீலாவதியின் முகம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. மனுசன் மறுபடியும் தராசை எடுத்துவிட்டார். படுபாவி, அந்த நேரத்திலாவது அதைக் கீழே போட்டிருக்கலாம்.

"வீரமுத்து, நாளைக்கு உனக்கு உடம்புக்கு முடியலைன்னு சொல்லிடு. மத்தவங்ககிட்டயும் சொல்லு. குளிர்காய்ச்சல்னு படுத்துக்கங்க."

வீரமுத்து நிமிர்ந்து பார்த்தான். "ஏன்யா?"

"சொன்னா கேளுப்பா. அந்த வேலை அவ்வளவு நல்ல வேலை இல்ல."

"எந்த வேலைதான்யா நல்ல வேலை? புல்லு வெட்டுனதும் முதுகை ஒடிக்கிற வேலைதான்." அவன் சிரித்தான். "நீங்க கஷ்டப்பட்டுக் கேட்டு வாங்கிக் குடுத்திருக்கீங்க. நாங்க படுத்துக்கிட்டா உங்க பேரு என்ன ஆவறது? அப்புறம் அரிசி லோரி வருமா?"

உள்ளே சோறு கொதிக்கிற வாசம் வந்தது. மயிலம்மாள் எட்டிப் பார்த்து, "அய்யா சாப்பிட்டுப் போங்க, உங்க அரிசிதான்" என்றாள். அவர் திரும்பி நடந்தார். பாதி சொல்லிவிட்டோம், புத்தியுள்ளவன் புரிந்துகொள்வான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

காலையில் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்தார்கள். இருட்டுப் பிரிவதற்கு முன்னாலேயே ஆண்கள் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வந்து நின்றார்கள், புதுத் துண்டு தோளில், தலையில் எண்ணெய். ஒருவனும் படுக்கவில்லை. களத்தைச் சுற்றிச் சிப்பாய்கள் நின்றார்கள், துப்பாக்கி முனையில் கத்தி செருகியிருந்தது. பெண்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி அமிர்தலிங்கத்தைத் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான்.

அவர் உட்காரவில்லை. அதிகாரியிடம் மலாயில் சொன்னார். "துவான், நான் சபையில் தெரியாமல் பேசிவிட்டேன். இவர்கள் எல்லாம் நோயாளிகள். மலேரியா. சிலருக்கு ரத்தம் வருகிற இருமல். இவர்களால் வேலை செய்ய முடியாது, மற்றவர்களுக்கும் ஒட்டிவிடும்."

மலாய் தோட்டத்து ஜனங்களுக்கும் புரியும். களத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரியின் சிரிப்பு நின்றது. டாக்டர் பார்த்த ஆட்களை நோயாளி என்று இவன் சொல்கிறானா என்று நினைத்தானோ, அல்லது ஒரு கணம் சந்தேகம்தான் வந்ததோ, வரிசையை நோக்கித் திரும்பி உரக்கக் கேட்டான்.

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

அமிர்தலிங்கம் வீரமுத்துவைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு இருமல் போதும், இரும ஆரம்பித்தால் எல்லோரும் இருமுவார்கள். வீரமுத்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. ஆள் கழிக்கிறார்கள். கிராணி அய்யா நம்மைச் சோதிக்கிறார். நோயாளியை ஒதுக்கிவிடுவார்கள், ஒதுக்கினால் அரிசி போச்சு. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இதே களத்துக்காக இதே மனுசன்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

வீரமுத்து ஓரடி முன்னால் வந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"நல்லா இருக்கேன் தொரை. வேலை குடுங்க."

அடுத்தவன் சொன்னான். அதற்கு அடுத்தவனும் சொன்னான். களம் முழுக்க கைகள் விரிந்தன. இருமல் வந்த ஒருவன் அதை விழுங்கிவிட்டுச் சொன்னான். அதிகாரி அமிர்தலிங்கத்தின் முதுகில் தட்டிச் சத்தமாகச் சிரித்தான், உறுப்பினருக்குத் தன் ஆட்கள்மேல் ரொம்பப் பாசம் என்று சிப்பாய்களிடம் சொன்னான். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சயாம் என்று கத்த வாயைத் திறந்தார். துப்பாக்கிக் கத்திகளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

லோரிகள் நிறைந்தன. வீரமுத்து பின்பலகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்குக் கையை ஆட்டினான். கிராணியைப் பார்த்து, சொன்னபடி செய்துவிட்டேன் என்கிற மாதிரி தலையசைத்தான்.

மயிலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "பக்கந்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்யா. அடுத்த கூட்டத்துல பொம்பளைங்களுக்கும் ஒரு வேலை கேளுங்க. நாங்களும் நல்லாத்தான் இருக்கோம்."

முதல் லோரி தோட்டத்துப் பாதை முடிந்து ரோட்டு முனைக்குப் போனது. இடப்பக்கம் திரும்பினால் செண்டாயான். வலப்பக்கம் லாபு ஸ்டேஷன். அது வலப்பக்கம் திரும்பியது. பின்னால் வந்தவையும் அதே பக்கம் திரும்பின.

மயிலம்மாள் ரோட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அய்யா, எங்க போறாங்க?"

"சயாமுக்கு" என்றார் அமிர்தலிங்கம். "நேத்தே எனக்குத் தெரியும்."

எதையும் பிட்டுக் கொடுக்காமல் அவர் முழுசாகச் சொன்னது அது ஒன்றுதான். மயிலம்மாள் பிள்ளையை அவர் மடியில் போட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். பாலத்தில் நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான்.